இன்னைக்கு நிக்கும்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என் அப்பா முதலில் போய் விசாரித்தது அவரிடம்தான். மாப்பிள்ளை தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். இவர் அதே லாரியைப் பழுது பார்க்கிறவர். பகல் முழுக்க ஒரே கொட்டகையில் கூடவே இருக்கிற மனிதருக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று அப்பா கணக்குப் போட்டிருக்கிறார்.

"பையன் எப்படிங்க?"

"நல்லவன்தாங்க."

"குடிப்பானா?"

"இன்னைக்கு வரைக்கும் குடிச்சு நான் பாத்ததில்ல."

"எம்பொண்ண கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்துவானா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தாராம். "அத நான் எப்படிங்க சொல்றது? இன்னைக்கு நல்லாருக்கான். அத வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது, அந்த மனுசன் சொல்ல வாய் வராமல் மென்று முழுங்குகிறான் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். என் கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது அவரால்தான். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

எங்கள் ரப்பர் தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம். அது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம். முன்பு சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் பிரித்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை ஊரடங்கு. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் போலீஸ்காரர்கள் எங்கள் ரப்பர் பால் வாளிகளைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தூரத்துப் பிரிவில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற மரம் வெட்டுக்குப் போகிற நாற்பது பேரும் லாரியில்தான் போகவேண்டும். நடுவில் ஒரு மேடு. அதில் ஏறி இறங்கினால் கீழே ஒரு மரப்பாலம், பாலத்துக்கு அந்தப்பக்கம்தான் எங்கள் மர நிரைகள்.

லாரி சண்டைக்காலத்து ராணுவ லாரி. ஜப்பான்காரன் போனபிறகு தோட்டத்துக்கு வந்தது. அதன் வயதைக் கேட்டால் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியாரே தலையைச் சொறிவார்.

அதைப் பழுது பார்க்கிறவர் தினமும் காலையில் ஒரு காரியம் செய்வார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வருகிற சரிவில், பாதைக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். லயத்துச் சுவருக்கு அடிக்கிற அதே சுண்ணாம்பு. மழை அழித்தால் மறுபடி போடுவார். நாங்கள் பேர் கொடுத்துவிட்டு நிற்கும்போது வெறும் லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு சரிவின் உச்சிக்குப் போவார். இறங்கி வருவார். ஒரு குறிப்பிட்ட மரத்தடிக்கு வந்ததும் பிரேக்கை மிதிப்பார். முன்சக்கரம் கோட்டின்மேல் வந்து நிற்கவேண்டும். நின்றதும் கீழே இறங்கி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி நான்கு சக்கரத்தையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு எங்களை வேலை வாங்குகிற தண்டலைப் பார்த்துச் சொல்வார்:

"இன்னைக்கு நிக்கும்."

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஏறலாம். அவர் இல்லாத இடத்தில் அவருக்கு இன்னைக்குக்காரர் என்றே பேர். ஒரு தரம் பெரிய கிராணியார் பொறுமை இழந்து, "ஏம்ப்பா, நாளைக்கும் சேத்து ஒரே தடவையாச் சொல்லிட்டா வாய் நோவுமா?" என்று கேட்டார். "நாளைக்குள்ளத நாளைக்கு வந்து சொல்றேங்க" என்றார். கிண்டல் செய்கிறாரா, மரியாதையாகத்தான் பேசுகிறாரா என்று கிராணியாருக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கும்தான்.

ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கெமாஸ் ரயிலடியில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்காரன் அப்படிப் பழக்கிவிட்டான் என்றார் ஒருவர். பிறவியிலேயே கோணல் என்றார் என் மாமியார். இன்னைக்குக்காரரின் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி மட்டும் ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் வேறு ஒன்று சொன்னார். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்கள். இவர் அதை நம்பி, வரமாட்டேன் என்ற தம்பியிடம், "மூணே மாசம்டா, வந்துடலாம்" என்று சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறார். திரும்பி வந்தது இவர் மட்டும். அண்ணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இத நான் சொன்னேன்னு கேக்காத" என்று போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம் அந்த விபத்து நடந்தது. அன்றைக்கும் காலையில் லாரி கோட்டில் சரியாகத்தான் நின்றது. மத்தியானம் பாலை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது, மேட்டிலிருந்து இறங்குகையில் ஒரு ரப்பர் குழாய் வெடித்து, பிரேக் எண்ணெய் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிட்டது. என் வீட்டுக்காரர் மிதிக்கிறார், மிதிக்கிறார், பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு எழவில்லை. வாசல் போலீஸ் கொட்டகை நேரே எதிரில். அவர் ஸ்டியரிங்கை ஒடித்து லாரியை மண்மேட்டில் கொண்டுபோய் முட்டினார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பால் பீப்பாய்கள் கவிழ்ந்து, பின்னால் இருந்த நாற்பது பேரும் தலையோடு கால் பாலில் குளித்தோம். முடியில் காய்ந்த பாலை உரிக்க மூன்று நாள் ஆனது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் முழங்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது, நான் சிரிக்கவில்லை.

"காலைல நிக்கும்னுதானே சொன்னாரு!" என்று சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டேன்.

"காலைல நின்னுச்சே" என்றார் வீட்டுக்காரர் வலியோடு. "மனுசன் அழுவுறாருடி, போயி ஒண்ணும் கேட்டுத் தொலைக்காத."

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முழு பிரேக்கையும் மாற்றச் சொல்லிவிட்டார். சிரம்பான் பட்டணத்திலிருந்து சாமான் வந்தது. இன்னைக்குக்காரர் நான்கு சக்கரத்தையும் கழற்றி, தேய்ந்துபோன பழைய பிரேக் பட்டைகளை எடுத்துவிட்டுப் புதுப்பட்டையை வைத்து, செம்பு ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்தார். ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டிருப்பார். யார் எது கேட்டாலும் "ம்" மட்டும்தான். குழாய் புதுசு, ரப்பர் புதுசு, எண்ணெய் புதுசு. எல்லாம் பூட்டியபிறகு குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு மேலே ஒருவர் பெடலை மிதிக்க, கீழே ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூடவேண்டும். வழக்கமாக மிதிக்கிற என் வீட்டுக்காரருக்குக் கால் மடங்கவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருந்த நான் அண்ணி கொடுத்துவிட்ட கஞ்சியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மாட்டிக்கொண்டேன்.

"தங்கச்சி, மேல ஏறு. நான் மிதின்னா மிதி, பிடின்னா அப்படியே பிடி, விடுன்னா விடு. சொல்லாம விட்டா மறுபடி மொதல்லேருந்து செய்யணும்."

ஒரு மத்தியானம் முழுக்க மிதித்தேன். ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் அவர் மேலே வந்து, என் காலடியில் இருந்த தகட்டை விலக்கி, கையாலேயே திருகித் திறக்கிற ஒரு சின்ன மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றுவார். கடைசியில், மிதித்தால் பெடல் பாறை மாதிரி நின்றது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"இனிமே நிக்குமில்லண்ணே?"

"இன்னைக்கு நிக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கஞ்சித் தூக்கை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். எல்லாமே புதுசு போட்டாகிவிட்டது. ஒரு வார்த்தை, இனி பயமில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இன்னும் இரண்டு நாளில் என் புருசன் அந்த மேட்டில் நாற்பது பேரோடு இறங்கப்போகிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரிக்குப் பூசை போட்டார்கள். மாலை, சந்தனம், நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். "பழம் நசுங்குறதுக்கு பிரேக் வேணாமே" என்று அவர் ஓரமாக நின்று சொன்னது எனக்குக் கேட்டது. எல்லோரும் பொங்கல் வாங்கப் போனபிறகு நான் மட்டும் பின்தங்கினேன். மாரியம்மன் விளக்கிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். லாரியில் ஏறித் தகட்டை விலக்கி மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு விரற்கடை குறைவாக இருந்தது. குறை வைத்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு, அம்மன் எண்ணெயை விளிம்புவரை ஊற்றி மூடினேன். மூடிமேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். அவர் இன்றைக்குப் பொறுப்பு, மிச்ச நாளுக்கெல்லாம் நீ பொறுப்பு தாயே என்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் விடியும் முன்பே மழை. மழை நாளில் மரப்பட்டை நனைந்திருக்கும், மரம் வெட்டு இல்லை. லாரி கொட்டகையிலேயே நின்றது.

மழை நாளை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் களத்தில் நின்றோம். முழங்கால் தேறி என் வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இவர்தான் ஓட்டினார். சரிவில் இறங்கி, மரத்தடிக்கு வந்து, மிதித்தார். லாரி கோட்டுக்கு ஒரு ஆள் நீளம் முன்னாலேயே கப்பென்று நின்றுவிட்டது.

களமே கை தட்டியது. "புது பிரேக்குன்னா புது பிரேக்குதான்லா!" என்று கத்தினான் ஒருவன். நான் கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. கோட்டையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கிவந்து முன்சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுத்ததைத் தொட்டார். அதுவும் சுட்டது. மேலே ஏறித் தகட்டை விலக்கினார். நான் நின்ற இடத்திலிருந்து அவர் குனிந்த முகம் தெரிந்தது. அந்த மூடியை அவர் பார்த்தபடியே இருந்தார். பிறகு திறந்து, விரலை விட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

"எறங்குப்பா" என்றார் என் வீட்டுக்காரரிடம். "இன்னைக்கு நிக்காது."

அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை. தண்டல் ஓடினார். துரை இடுப்பில் துப்பாக்கியோடு வந்தார், வாசல் போலீஸ் சார்ஜன் அவர் பின்னால் வந்தார். இரண்டு மாதம் முன்புதான் பக்கத்துத் தோட்டத்தில் காட்டுக்குள் இருப்பவர்கள் லாரியைக் கொளுத்தியிருந்தார்கள். அங்கே ஒருவனை டின் மீன் வைத்திருந்தான், காட்டுக்குக் கொடுக்கத்தான் என்ற சந்தேகத்தின் பேரில் போலீஸ் கூட்டிப்போனது. அவன் பெண்டாட்டி இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சொல் வெளியே வந்தால், முதலில் பிடிபடுவது லாரி ஓட்டுகிறவர். நான் ஊற்றியதுதான் காரணம் என்பது தெளிவாக விளங்காவிட்டாலும், அந்த மூடிமேல் இருக்கிற பொட்டு எனக்குத் தெரியும்.

துரை வந்து சேர்வதற்குள் அவர் கட்டைவிரலால் மூடியை ஒரு துடை துடைத்தார். அந்த விரலைத் தன் நெற்றியில் வைத்து இழுத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்தைக் கிண்டல் செய்த மனிதர் நெற்றியில் மாரியம்மன் குங்குமத்தோடு துரை முன்னால் நின்றார்.

"யாரு செஞ்சது?" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில். "கெட்ட ஆளு வந்து செஞ்சதா?"

"இல்லீங்க தொரை. நான் ஊத்துன எண்ணெய் தப்பு. ரப்பரு ஊதிப்போச்சு. பிரேக்கு பிடிச்ச பிடிய விடல."

"நீ பத்து வருசம் வேலை செய்யுது. இது தெரியாதா?"

"நேத்து தெரியலீங்க. இன்னைக்கு தெரிஞ்சிருச்சு."

துரை எல்லோர் முன்னாலும் திட்டிய திட்டை நான் எழுதமாட்டேன். இவர் தலையைக் குனியாமல், எதிர்த்தும் பார்க்காமல், லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவே அத்தனை தயங்குகிறவர், எனக்காகப் பொய் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

நான்கு நாள் லாரி ஓடவில்லை. எங்கள் நாற்பது பேரையும் வேலியோரம் புல் வெட்ட விட்டார்கள். எல்லோரும் அவரைத்தான் கரித்துக் கொட்டினார்கள். குழாயடியில் அண்ணி காதுபடப் பேசினார்கள். துரை சிரம்பானிலிருந்து வேறு ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, இவர் வேலையை மேற்பார்வை பார்க்க வைத்தார். இவர் எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, கழுவி, புது ரப்பர் போட்டார். காற்றெடுக்கிற நேரம் வந்தபோது என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அந்தப் பொண்ணுக்குத்தான் கால் பழகியிருக்கு" என்றாராம். சிரம்பான்காரர் காப்பி குடிக்கப் போயிருந்தார். அண்ணன் லாரிக்கு அடியில், நான் மேலே.

"மிதி."

மிதித்தேன்.

"அண்ணே, அது நான்தான்."

"பிடி."

"கோயில் எண்ணெய்ண்ணே. நான்தான் ஊத்துனேன்."

"அழுதுக்கிட்டே கால எடுத்துடாத. பிடி... ம், விடு."

விட்டேன். கீழே தகர டின்னில் எண்ணெய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"நல்லெண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதா?" என்றார். "எண்ணெயில ஊறுனா ரப்பரு ஊதிப்போவும். மேட்டுல ஏறுறப்பவே சூடாயி எண்ணெய் கொதிச்சிருக்கும். எறங்கறப்ப பெடல் அடியில போயி ஒக்காந்திருக்கும். தெனம் ரப்பர் மரம் வெட்டுறவ நீ, ஒனக்குத் தெரிய வேணாமா?"

"அதுக்குள்ள ரப்பர் இருக்குன்னே எனக்குத் தெரியாதுண்ணே."

லாரிக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உண்மையில் எங்கள் கையால் எடுத்த பால் கடைசியில் என்னவாக ஆகிறது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை.

"எதுக்கு ஊத்துன?"

"நீங்க இன்னைக்கு நிக்கும்னு மட்டும் சொன்னீங்க. நாளைக்கும் அவருதானே ஓட்டணும்?"

எழுந்து போய்விட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். மல்லாந்து படுத்தபடி, ஸ்பேனரை மார்பில் வைத்துக்கொண்டு, லாரியின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நிக்குமான்னு எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார். "நாளைக்கும் நான் வந்து பாப்பேன். அது எனக்குத் தெரியும்."

பிறகு, "மிதி" என்றார்.

சிரம்பான்காரர் காப்பி குடித்துவிட்டு வந்து, பெடலை ஒரு தரம் அமுக்கிப் பார்த்து, "இனிமே நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது!" என்று துரையிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் அந்த ஆளை ஏனோ பிடிக்கவில்லை.

அடுத்த ஐந்து வருடமும் அண்ணன் வந்து பார்த்தார். ஒரு தரம் மலேரியா போட்டு அடித்தது. மருந்துக்காரர் எழக்கூடாது என்று சொல்லியிருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டி நடுங்க, சரிவில் லாரியை ஓட்டிவந்து கோட்டில் நிறுத்தினார். உள்ளங்கையே காய்ச்சலில் கொதிக்கும்போது சக்கரத்தின் சூடு எப்படித் தெரியும் என்று தண்டல் கேட்டார். நியாயம்தான் என்று அண்ணியைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். அதன்பிறகு யாரும் அவரை இன்னைக்குக்காரர் என்று கிண்டலாகச் சொல்லவில்லை. சிரம்பான் நூறு வருசக்காரரின் வேலைப்பாடு ஒன்று எங்கோ வழியில் நின்றுபோனதாகக் கேள்விப்பட்டபோது மட்டும், அவர் முகத்தில் லேசாக ஒரு சந்தோசம் தெரிந்தது. அவரும் மனுசன்தானே.

என் வீட்டுக்காரருக்குச் சிரம்பானில் பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது. தோட்டத்து லாரியிலேயே சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மடியில் இரண்டாவது பிள்ளை. அன்றைக்கு எங்கள் குடும்பம் மட்டும்தான் போகிறது, ஆனாலும் அண்ணன் உச்சிக்குப் போய் இறங்கி வந்தார். கோட்டில் நிறுத்தினார். நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"இன்னைக்கு நிக்கும்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

பிறகு என் பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார், சக்கரத்தைத் தொடுகிற அதே உள்ளங்கையால். நாளைக் காலை அவர் இங்கே இருப்பார், நாங்கள் சிரம்பானில் இருப்போம். அது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு நீ பாத்துக்க, தங்கச்சி" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

சிரம்பானில் பஸ் டிப்போ எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். முப்பது வருடம், காலையில் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் வேலிப் பக்கம் வந்து நிற்பார். நான் அடுப்பை விட்டு வெளியே வந்து கேட்பேன். கேட்காமல் ஒரு நாளும் வண்டியை எடுக்க விட்டதில்லை. அவரும் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. கடைசி வரைக்கும் குடிக்கவும் இல்லை.

"என்னாங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன். இன்னைக்கு நிக்கும்."